சிண்டரெல்லாவுக்குத் தூக்கம் வரவில்லை

2012ம் வருடம், அக்டோபர் மாதம். பிரான்சிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுப் போட்டி நடத்துகிறார்கள். ஸ்டார்கிராஃப்ட் 2. அதற்கான தகுதிச் சுற்றில், தென் கொரியாவில் இருந்தபடி ஆன்லைனில் ஆடிக்கொண்டிருக்கிறான் ஒரு பையன். வயது 15. பொழுதுபோகாமல் ஆடுகிற பையன் இல்லை. அந்த விளையாட்டில் உலகத்தின் முன்னணி ஆட்டக்காரர்களில் ஒருவன். ஆடுவதுதான் அவனுக்குத் தொழில்.

ஆட்டம் சூடு பிடிக்கும் நேரத்தில்தான் அவனுக்கு ஞாபகம் வந்தது. ஐயோ, மணி பன்னிரண்டு ஆகப் போகிறதே!

பன்னிரண்டு ஆனால் என்ன? ஒன்றுமில்லை. அரசாங்கம் ஆட்டத்தை நிறுத்திவிடும். அவ்வளவுதான்.

இருக்கிற படையை எல்லாம் திரட்டி அவசர அவசரமாக எதிரி மீது ஏவினான். பலிக்கவில்லை. பிறகு பெற்றோரின் கணக்கைக் கடன் வாங்கிக்கொண்டு திரும்பவும் உள்ளே வந்து ஆடினான் என்று செய்தி வெளியானது. அதுவும் பலிக்கவில்லை. உலகத்துக் கேமிங் பத்திரிகைகள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தன. வீரன் எதிரியிடம் தோற்கவில்லை, கடிகாரத்திடம் தோற்றான் என்பதுதான் அன்றைய சங்கதி.

கடிகாரத்துக்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது. 2011 ஏப்ரலில் கொரிய நாடாளுமன்றம் நிறைவேற்றி, அந்த வருடம் நவம்பர் 20ம் தேதி அமலுக்கு வந்த சட்டம். 16 வயது நிரம்பாத யாரும் நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை ஆன்லைன் விளையாட்டு ஆடக்கூடாது. ஆடினால் பிள்ளைக்குத் தண்டனை கிடையாது. ஆட விட்ட கம்பெனிக்குத்தான். இரண்டு வருடம் வரை ஜெயில், அல்லது ஒரு கோடி வோன் வரை அபராதம். அரசாங்கக் காகிதத்தில் இதற்கு என்னென்னவோ பெயர். பத்திரிகைகள் வைத்த பெயர்தான் நிலைத்தது. சிண்டரெல்லா சட்டம். பன்னிரண்டு அடித்தால் ரதம் பூசணிக்காய் ஆகிவிடும் அல்லவா? அதேதான்.

உலகத்திலேயே வேகமான இணையம் வைத்திருந்த தேசம், தன் பிள்ளைகளுக்கு அந்த இணையத்தில் ஊரடங்கு போட்டது. ஏன்? அதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

1997 நவம்பர். கொரியா திவாலின் விளிம்பில் நின்றது. பெரிய பெரிய கம்பெனிகள் கவிழ்ந்துகொண்டிருந்தன. கஜானாவில் டாலர் இல்லை. சர்வதேச நிதியத்திடம் கையேந்தி, கிட்டத்தட்ட 5,700 கோடி டாலர் உதவிக்கு ஏற்பாடு ஆனது. அந்த வருடத்தைக் கொரியர்கள் இன்றைக்கும் 'ஐஎம்எஃப்' என்றே சொல்வார்கள். நம் ஊரில் 'அந்தப் புயலடிச்ச வருஷம்' என்கிற மாதிரி.

நல்ல வேலையில் இருந்த நடுத்தர வயதுக்காரர்கள் லட்சக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். கையில் கொஞ்சம் செட்டில்மெண்ட் பணம். என்ன செய்வது? சிலர் கோழி வறுவல் கடை போட்டார்கள். சிலர் இருபது முப்பது கம்ப்யூட்டர்களை வாங்கி ஒரு மாடியில் வரிசையாக வைத்து, மணிக்கு ஆயிரம் வோன் அளவில் வாடகைக்கு விட்டார்கள். பிசி பாங். 'பாங்' என்றால் கொரிய மொழியில் அறை.

கடை ரெடி. சரக்கு? 1998 மார்ச் கடைசியில் அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கியது ஸ்டார்கிராஃப்ட். பிளிஸார்ட் கம்பெனியின் யுத்த விளையாட்டு. உலகம் முழுக்க விற்ற பிரதிகளில் கிட்டத்தட்டப் பாதி, கொரியாவில் மட்டும் விற்றது என்பார்கள்.

அந்த வருடம் பிப்ரவரியில்தான் கிம் டே ஜங் ஜனாதிபதி ஆகியிருந்தார். மரண தண்டனை விதிக்கப்பட்டு, ஜெயிலில் கிடந்து, நாடு கடந்து வாழ்ந்து, எழுபதைத் தாண்டிய பிறகு நாற்காலிக்கு வந்த மனிதர். பொருளாதாரத்தை எப்படி நிமிர்த்துவது என்று அவர் ஆலோசனை கேட்டபோது, ஜப்பானில் கொடிகட்டிப் பறந்த கொரிய வம்சாவளித் தொழிலதிபர் மசயோஷி சன், பிராட்பேண்டைத் தவிர வேறு எதையும் சொல்லவில்லை என்று ஒரு கதை உண்டு. கிம் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். கொரியாவில் ஜனங்கள் பெரும்பாலும் அடுக்குமாடிகளில் வசிப்பவர்கள். ஒரு கட்டடத்துக்கு ஒரு கேபிள் இழுத்தால் நூறு வீட்டுக்கு இணைப்பு. மளமளவென்று வேலை நடந்தது. இல்லத்தரசிகளுக்கெல்லாம் அரசாங்கமே இன்டர்நெட் கிளாஸ் நடத்தியது. 2002ல் ஒரு கோடி பிராட்பேண்ட் இணைப்புகள். அதே காலத்தில் பிசி பாங்குகளின் எண்ணிக்கை இருபதாயிரத்தைத் தாண்டியிருந்தது.

பள்ளிக்கூடம் விட்டு வந்த பையனுக்கு நாலு மூலைக்கு நாலு பிசி பாங். டிவியைப் போட்டால் 2000ல் தொடங்கிய, இருபத்து நாலு மணி நேரமும் கம்ப்யூட்டர் விளையாட்டை மட்டுமே காட்டுகிற சேனல். லிம் யோ ஹ்வான் என்கிற ஸ்டார்கிராஃப்ட் வீரருக்கு ஐந்து லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள் கொண்ட ரசிகர் மன்றம். 2004ல் புசான் கடற்கரையில் நடந்த ஒரு போட்டியின் ஃபைனலுக்கு லட்சம் பேர் கூடினார்கள் என்று செய்தி.

அடுத்து வந்ததுதான் பயம்.

2002 அக்டோபரில் குவாங்ஜு நகரத்து பிசி பாங்கில் ஒருவர் சுருண்டு விழுந்து செத்துப்போனார். 86 மணி நேரம் எழுந்திருக்காமல் ஆடியிருந்தார். 2005 ஆகஸ்டில் தேகு நகரத்தில் இன்னொருவர். சுமார் 50 மணி நேர ஸ்டார்கிராஃப்ட். இதயம் நின்றுவிட்டது. 2010ல் வெளிவந்த செய்தி எல்லாவற்றையும்விடக் கொடூரம். சுவோன் நகரத்தில் ஒரு தம்பதி தங்களுடைய மூன்று மாதக் குழந்தையைப் பட்டினியில் சாகவிட்டிருந்தார்கள். அந்த நேரமெல்லாம் பிசி பாங்கில் உட்கார்ந்து, கம்ப்யூட்டருக்குள் இருந்த ஒரு கற்பனைக் குழந்தையை வளர்த்துக்கொண்டிருந்தார்கள்.

தேசமே கொதித்துப்போனது. சட்டம் வந்தே ஆகவேண்டும் என்று அம்மாக்களின் அமைப்புகள் குரல் எழுப்பின. 2004, 2005லிருந்தே பேசப்பட்டு வந்த யோசனைக்கு இப்போது உயிர் வந்துவிட்டது.

ஒரு நிமிடம். செத்தவர்களின் வயதைக் கவனியுங்கள். குவாங்ஜுவில் இறந்தவருக்கு 24. தேகுவில் இறந்தவருக்கு 28. சுவோன் தம்பதியில் கணவனுக்கு நாற்பதுக்கு மேல். ஒருவர்கூடப் பிள்ளை கிடையாது. ஆனால் ஊரடங்கு யாருக்கு? பிள்ளைகளுக்கு. பெரியவனுக்கு ஓட்டு இருக்கிறது, பிசி பாங்குக்குக் கொடுக்கக் காசு இருக்கிறது. அவன் மேல் கைவைக்க எந்த நாடாளுமன்றத்துக்கும் துணிச்சல் வராது.

இதற்காக அம்மாக்களின் பயம் பொய் என்று அர்த்தமில்லை. நிஜமாகவே தறிகெட்டுப்போன பிள்ளைகள் இருந்தார்கள். 2007ல் சியோலுக்குத் தெற்கே மோக்சியோன் என்ற இடத்தில், காட்டை ஒட்டி ஒரு முகாம் தொடங்கினார்கள். பன்னிரண்டு நாள். கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்க்க முடியாது. உடற்பயிற்சி, மண்பாண்டம் வனைதல், மேளம் அடித்தல். பாதி ராணுவம், பாதி வைத்தியம். வைத்தியர்களுக்கும் இது புதுசுதான். உலக சுகாதார நிறுவனம் 'கேமிங் கோளாறு' என்பதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்க்க 2019 மே வரை ஆனது. அதில் சொல்லியிருக்கும் அடையாளங்கள் மூன்று. விளையாட்டின் மேல் கட்டுப்பாடு போய்விடுவது. மற்ற எல்லாவற்றையும்விட அதுவே முக்கியம் ஆகிவிடுவது. கெடுதல் கண்ணுக்குத் தெரிந்த பிறகும் தொடர்வது. சாதாரணமாக ஒரு வருடமாவது இப்படி இருந்தால்தான் நோய். ராத்திரி எத்தனை மணிக்கு ஆடினான் என்ற கேள்வியே அதில் இல்லை.

போகட்டும். பிள்ளையின் வயது கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? அங்கேதான் கொரியாவின் பழைய சரித்திரம் ஒன்று உதவிக்கு வந்தது.

1968 ஜனவரி 21. வட கொரியாவிலிருந்து ஊடுருவிய 31 கமாண்டோக்கள், ஜனாதிபதி மாளிகைக்குச் சில நூறு மீட்டர் தூரம் வரைக்கும் வந்துவிட்டார்கள். பார்க் சுங் ஹீயைக் கொல்வது திட்டம். முறியடித்தாயிற்று. ஆனால் பார்க் உஷாராகிவிட்டார். யார் நம் ஆள், யார் ஒற்றன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு எண். 1975ல் அது 13 இலக்கம் ஆனது. முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. ஒற்றனைப் பிடிப்பதற்காகப் பிறந்த எண், நாற்பத்து மூன்று வருடம் கழித்து, பிள்ளையைத் தூங்கவைக்கிற வேலைக்கு வந்து சேர்ந்தது.

பிள்ளை லேசுப்பட்டதா? அம்மாவின் எண் சமையலறை டிராயரில் இருக்கிறது. அப்பாவின் எண் மனப்பாடம். போதாக்குறைக்கு, சட்டம் அமலுக்கு வர நாலு மாதம் இருக்கும்போது, 2011 ஜூலையில், எஸ்கே கம்யூனிகேஷன்ஸ் என்ற கம்பெனியின் கணினிகளுக்குள் புகுந்து மூன்றரைக் கோடிப் பயனர்களின் விவரங்களைத் திருடிக்கொண்டு போனார்கள். நாட்டின் மொத்த ஜனத்தொகையே ஐந்து கோடிதான். எண்ணுக்கா பஞ்சம்?

இப்போது விஷயத்துக்கு வருவோம். இந்தச் சட்டத்தின் நோக்கம் என்று சொல்லப்பட்டது என்ன? பிள்ளைகளின் தூக்க உரிமை. நல்ல நோக்கம். யாரும் மறுக்க முடியாது. கேள்வி வேறு. அந்தப் பிள்ளைகளின் தூக்கத்தை அதுவரைக்கும் யார் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்?

காமர்ஸ் படித்தவனின் புத்தி, எதைப் பார்த்தாலும் வரவு செலவுதான் போடும். ஒரு கொரிய மாணவனின் ஒரு நாள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். காலை எட்டு மணி சுமாருக்குப் பள்ளிக்கூடம். சாயங்காலம் வகுப்பு முடியும். ஹைஸ்கூல் பையனாக இருந்தால் அதன்பிறகு 'யாஜா'. ராத்திரி பத்து மணி வரை பள்ளியிலேயே உட்கார்ந்து படிப்பது. முழுப் பெயரைத் தமிழில் சொன்னால், 'இரவு நேரத் தன்விருப்பக் கல்வி'. தன்விருப்பம் என்பது பெயரில் மட்டும். மிடில் ஸ்கூல் பிள்ளை என்றால் சாயங்காலமே ஹாக்வோன். நம் ஊர் பாஷையில் டியூஷன் சென்டர். கணக்குக்கு ஒன்று, இங்கிலீஷுக்கு ஒன்று. பிறகு வீடு. பிறகு வீட்டுப்பாடம். தூக்கம் என்பது இந்தக் கணக்கில் ஒரு செலவினமே இல்லை. மிச்சம் இருந்தால் எழுதிக்கொள்ளும் பேலன்ஸ்.

எல்லாம் எதற்காக? நவம்பர் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை நடக்கும் 'சுநுங்' என்கிற கல்லூரி நுழைவுத் தேர்வுக்காக. அன்றைக்கு ஆபீஸ்கள் லேட்டாகத் திறக்கும். லேட்டாகிப்போன மாணவனைப் போலீஸ் வண்டி கொண்டுபோய் விடும். இங்கிலீஷ் காதால் கேட்டு எழுதும் பகுதி நடக்கும் அரை மணி நேரத்துச் சொச்சம், நாடு முழுக்க ஒரு விமானம் ஏறவோ இறங்கவோ கூடாது. 'நாலு என்றால் பாஸ், ஐந்து என்றால் ஃபெயில்' என்று மாணவர்கள் நடுவே ஒரு பழமொழியே உண்டு. மார்க்கைச் சொல்லவில்லை. தூங்கும் மணிக்கணக்கைச் சொல்கிறார்கள்.

அரசாங்கத்துக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். சியோலில் ஹாக்வோன்கள் ராத்திரி பத்து மணிக்கு மூடவேண்டும் என்று விதியே இருக்கிறது. 2008ல் அந்த விதியைத் தூக்கிவிட்டு விடிய விடிய நடத்தலாம் என்று நகர மன்றக் குழு ஒன்று கிளம்பியது. கூச்சல் எழுந்ததும் பின்வாங்கியது. 2009ல் மத்திய அரசு ஒரு படி மேலே போய், விதி மீறுகிற ஹாக்வோன்களைக் காட்டிக் கொடுப்பவர்களுக்குச் சன்மானம் அறிவித்தது. உடனே அதையே முழுநேரத் தொழிலாகக் கொண்டு, கேமராவும் கையுமாகத் தெருத் தெருவாக அலைய ஒரு கூட்டம் கிளம்பிவிட்டது. பத்து மணிக்கு ஹாக்வோனில் விளக்கை அணைத்தார்கள். பிள்ளைகள் வீட்டுக்குப் போய் கம்ப்யூட்டரைப் போட்டார்கள்.

விளையாடவா? விளையாடத்தான் தடையாயிற்றே. பாடம் கேட்க. அரசுக் கல்வி ஒளிபரப்பு நிறுவனமான ஈபிஎஸ், 2004ல் சுநுங் பாடங்களை இணையத்தில் ஏற்றியது. நல்ல காரியம்தான். காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் நல்ல வாத்தியார் கிடைக்கட்டும் என்று செய்தார்கள். 2010ல், சுநுங் கேள்விகளில் 70 சதவிகிதம் ஈபிஎஸ் பாடங்களை ஒட்டியே வரும் என்றும் அறிவித்தார்கள். அப்புறம் பார்க்காமல் யார் இருப்பார்கள்? தனியார் கம்பெனிகளின் பாட வீடியோக்கள் வேறு.

அதாவது, ராத்திரி மணி 12.05. அதே மேஜை. அதே கம்ப்யூட்டர். அதே நீல வெளிச்சம். பதினைந்து வயதுப் பிள்ளை யுத்தம் செய்தால் சட்ட விரோதம். கால்குலஸ் கேட்டால் தேச சேவை. கண்ணும் மூளையும் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் விழித்திருக்கும் என்பதைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.

அரசாங்கத்துக்கு உள்ளேயே குடுமிப்பிடி நடந்தது. குடும்ப நலத்தைக் கவனிக்கும் அமைச்சகம் சட்டத்துக்கு ஆதரவு. விளையாட்டுத் தொழிலை வளர்க்கும் கலாசார அமைச்சகம் அரை மனசு. கடைசியில், 2012ல் அவர்கள் தனியாக இன்னொரு ஏற்பாடு கொண்டுவந்தார்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, எந்த நேரம் தடை என்பதைப் பெற்றோரோ பிள்ளையோ கேட்டு வைத்துக்கொள்ளலாம். ஆக, ஒரு பிள்ளைக்கு இரண்டு தாழ்ப்பாள்.

மாணவர்களும் பெற்றோர்களும் அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனார்கள். கம்பெனிகளும் போயின. 2014 ஏப்ரலில் தீர்ப்பு. ஏழு நீதிபதிகள் சட்டம் செல்லும் என்றார்கள், இரண்டு பேர் செல்லாது என்றார்கள். ராத்திரி ஆறு மணி நேரம்தானே, இது ஒன்றும் மிதமிஞ்சிய கட்டுப்பாடு இல்லை என்பது பெரும்பான்மையின் கருத்து.

நீதிமன்றம் யோசித்து முடிப்பதற்குள் உலகம் மாறிவிட்டிருந்தது. 2009 நவம்பரில் ஐபோன் கொரியாவுக்குள் வந்தது. 2012 ஜூலையில், ககாவோடாக் வழியாக 'அனிபாங்' என்ற விளையாட்டு தேசத்தையே பிடித்து ஆட்டியது. ஒரே மாதிரி மூஞ்சி உள்ள மூன்று மிருகங்களைச் சேர்க்கவேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். பாட்டி வரைக்கும் ஆடினார்கள். சிண்டரெல்லா சட்டம் மொபைல் விளையாட்டுகளைத் தொடவே இல்லை. பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்தார்கள், தள்ளிவைத்துக்கொண்டே இருந்தார்கள். கம்ப்யூட்டர் மேஜையில் இருந்தவரைக்கும், பிள்ளை எழுந்து போய் உட்காரவாவது வேண்டியிருந்தது. போன் போர்வைக்குள்ளேயே வந்துவிட்டது.

சரி, தூக்கம்? கொரிய ஆய்வாளர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். 2017ல் வெளிவந்த ஆய்வின் விடை கொரியப் பத்திரிகைகளில் மானத்தை வாங்கியது. சட்டத்தால் பிள்ளைகளுக்குக் கூடுதலாகக் கிடைத்த தூக்கம், சுமார் ஒன்றரை நிமிடம்.

அந்த ஒன்றரை நிமிடத்தைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் இன்னொரு புள்ளிவிவரமும் இருக்கிறது. சட்டம் வந்த அதே 2011லிருந்து, கொரிய இளம் வயதினரின் மரணத்துக்கு முதல் காரணமாகத் தொடர்ந்து இருப்பது தற்கொலை. நோய் இல்லை, விபத்து இல்லை. விளையாட்டுதான் காரணம் என்று எந்த அமைச்சராலும் நிரூபிக்க முடியவில்லை. பரீட்சைதான் காரணம் என்று ஒற்றை வரியில் முடிப்பதும் நியாயமாகாது. ஆனால் ஒரு அரசாங்கம் அந்த வயதுப் பிள்ளைகளைப் பற்றி ராத்திரியில் கவலைப்பட உட்கார்ந்தபோது, அதன் கண்ணில் பட்டது கம்ப்யூட்டர் மட்டும்தான். அதைத் தடை செய்தால் தேர்தலில் ஓட்டுப் போகாது. தேர்வைத் தொட்டால் அம்மாக்களே சண்டைக்கு வருவார்கள்.

சட்டத்தைக் கடைசியில் முடித்துவைத்தது யார் தெரியுமா? மைன்கிராஃப்ட். கட்டம் கட்டமான செங்கல்லை அடுக்கிக் குழந்தைகள் வீடு கட்டுமே, அந்த விளையாட்டு. 2020 மே 5, குழந்தைகள் தினம். கொரோனா காலம். பிள்ளைகளை நேரில் கூப்பிட முடியாது என்பதால், ஜனாதிபதி மாளிகையையே மைன்கிராஃப்டுக்குள் கட்டி, சுற்றிப் பாருங்கள் கண்ணுகளா என்று வரவேற்றது அரசாங்கம். அடுத்த வருடமே மைக்ரோசாஃப்ட் தன் கணக்கு முறையை மாற்றியது. கொரியாவுக்கு மட்டும் தனியாக நள்ளிரவுப் பூட்டு செய்து தர அது தயாராக இல்லை. பெரியவர்கள் மட்டும் கணக்குத் தொடங்கலாம் என்று சொல்லிவிட்டது. உலகம் முழுக்கப் பச்சைக் குழந்தைகள் ஆடும் விளையாட்டு, கொரியாவில் மட்டும் 'வயது வந்தோருக்கு'!

அவமானம் தாங்கவில்லை. 2021 ஆகஸ்ட் 25ம் தேதி, சட்டத்தை ரத்து செய்யப்போகிறோம் என்று அறிவித்தார்கள். சரியாக ஐந்து நாள் கழித்து, ஆகஸ்ட் 30ம் தேதி, பக்கத்துச் சீனா ஒரு அறிவிப்பு வெளியிட்டது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களில் மட்டும் ஆன்லைனில் விளையாடலாம். ராத்திரி 8 முதல் 9 வரை. அம்மாவின் எண்ணைத் திருடிக்கொண்டு வந்தால்? அதற்கு டென்சென்ட் கம்பெனி ஏற்கெனவே முகத்தை அடையாளம் பார்க்கும் கேமராவை வைத்துவிட்டிருந்தது.

கொரியாவில் 2022 ஜனவரி 1ம் தேதி நள்ளிரவோடு சிண்டரெல்லா சட்டம் காலாவதி ஆனது. ஹாக்வோன்களுக்கான சியோலின் பத்து மணி விதி அதற்குப் பிறகும் இருந்தது. அதனால் என்ன, 'ஸ்டடி கஃபே' என்று புதிதாக ஒன்று முளைத்துவிட்டது. மேஜை, நாற்காலி, காபி மெஷின். வாத்தியார் கிடையாது, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததால் அது ஹாக்வோனும் கிடையாது. பல இடங்களில் இருபத்து நாலு மணி நேரமும் திறந்திருக்கும்.

2025 ஆகஸ்டில் கொரிய நாடாளுமன்றம் பிள்ளைகளுக்காக மறுபடி ஒரு சட்டம் நிறைவேற்றியது. வகுப்பு நேரத்தில் பள்ளிக்கூடத்துக்குள் ஸ்மார்ட்போன் கூடாது. அமல், 2026 மார்ச் மாதம் தொடங்கும் கல்வியாண்டிலிருந்து. மாணவர்கள் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் என்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.